கருவாடு ஆன்லைனில் விற்கிறோம், வெப்சைட்டிலும் பில்லிலும் சட்டப்படி என்னென்ன போட வேண்டும்?

மண்டபம்_கருவாடு

எல்லோருக்கும் வணக்கம். நானும் அம்மாவும் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் கருவாடு போடுகிறோம். நெத்திலி, சூடை, திருக்கை, சீலா, சீசனில் இறாலும் காயவைப்போம். அம்மா பல வருடம் கூடை தூக்கிச் சந்தைக்குப் போனவர், நான் இரண்டு வருடமாக வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துச் சென்னை, கோவை, பெங்களூர் என்று கூரியரில் அனுப்புகிறேன். சாயல்குடிப் பக்கம் கருப்பட்டியும் வாங்கி அதோடு சேர்த்து விற்கிறோம். இப்போது அக்கா மகன் ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருக்கிறான், பில் புத்தகமும் அடித்தாகிவிட்டது. அங்கேதான் குழப்பம் ஆரம்பம்.

அச்சகத்தில் அவர்களாகவே பில்லில் "ஜிஎஸ்டி 5%" என்று ஒரு கட்டம் போட்டுவிட்டார்கள். எங்களுக்கு ஜிஎஸ்டி நம்பரே கிடையாது. அந்தக் கட்டத்தை நிரப்பலாமா, காலியாக விடலாமா? பெங்களூரில் ஒரு கடைக்காரர் மாதம் 30 கிலோ நெத்திலி கேட்கிறார், ஜிஎஸ்டி பில் இருந்தால்தான் வாங்குவேன் என்கிறார்.

அடுத்தது பெயர். பான், பேங்க் கணக்கு, உணவுப் பாதுகாப்புப் பதிவு (எப்எஸ்எஸ்ஏஐ) எல்லாம் அம்மா பெயரில். வெப்சைட்டில் இருப்பது கடைப் பெயர் மட்டும். போன வாரம் ஒருவர் 1,800 ரூபாய்க்கு ஆர்டர் போட்டு, பணம் அனுப்பப் போகும்போது வேறு யாரோ பெயர் வருகிறதே, ஏமாற்று வேலையா என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். அம்மாவுக்கு அன்று முழுக்க முகமே சரியில்லை.

எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது முகவரி. வெப்சைட்டில் முழு முகவரி போட்டே ஆக வேண்டும் என்கிறார்கள். கருவாடு கட்டுவது வீட்டில்தான். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும். ஏற்கெனவே ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வருகிறது. வீட்டு முகவரியை ஊர் உலகத்துக்கெல்லாம் காட்ட மனசு வரவில்லை. ஆனால் சட்டத்தை மீறவும் விருப்பமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி_வலை

அக்கா, இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. 40 லட்சம் வரை ஜிஎஸ்டியே வேண்டாம். வாட்ஸ்அப்பில் விற்பதுக்கு எதற்குப் பில், எதற்கு முகவரி? நாங்கள் நண்டும் மீனும் அப்படித்தான் அனுப்புகிறோம். அந்த 5% கட்டத்தில் 0 போட்டுவிடுங்கள், வேலை முடிந்தது.

பில்_கணக்கு

தம்பி சொன்னது பாதி சரி. மீதிப் பாதியில் அக்கா மாட்டிக்கொள்வார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ராமநாதபுரத்தில் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன், இந்த 40 லட்சம் கதையை நம்பி வருத்தப்பட்டவர்கள் நிறைய.

பொருள் மட்டும் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்பது உண்மை. ஆனால் வரி உள்ள பொருளை வெளி மாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பு கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். அப்போது கருவாடு வரி உள்ள பொருளா என்று பார்க்க வேண்டும். அளந்து கொடுக்கும் உதிரிக் கருவாட்டுக்கு வரி இல்லை. 2022 ஜூலை 18-ஆம் தேதியிலிருந்து, முன்கூட்டியே பொதிந்து லேபிள் ஒட்டியதற்கு 5%. கருப்பட்டிக்கும் இதே கதைதான்.

சரி, நான் லேபிள் ஒட்டாமல் அனுப்பினால் வரி இல்லையே என்று எல்லோரும் கேட்பார்கள். அது நடக்காது. வாங்குகிறவர் எதிரில் இல்லாதபோது இவ்வளவு கிலோ என்று தீர்மானித்துக் கட்டி வைத்தால் அது பொதிந்த பொருள். எடையளவுச் சட்டப்படி அதில் விவரம் இருந்தாக வேண்டும். ஒட்ட வேண்டிய லேபிளை ஒட்டாமல் விட்டால் வரி போய்விடாது, இரண்டாவது தவறு ஒன்று சேரும், அவ்வளவுதான். அதனால் நீங்கள் கூரியரில் அனுப்பும் கால் கிலோ, அரைக் கிலோ பாக்கெட் எல்லாம் 5% பொருள். பெங்களூருக்கு ஒரு பாக்கெட் போனாலும் பதிவு வேண்டும் என்பதுதான் கணக்கு.

அந்தப் பெங்களூர்க் கடைக்காரர் விஷயம் வேறு மாதிரி. இந்த 5% என்பது 25 கிலோ வரை உள்ள பொதிக்குத்தான். 30 கிலோவை ஒரே மூட்டையாகக் கட்டினால் அதற்கு வரியே கிடையாது, வாங்கும்போது கொடுத்த வரியை அவர் தன் வரியில் கழித்துக்கொள்ளவும் (உள்ளீட்டு வரி) அதில் எதுவும் இல்லை. இதை அவரிடம் போனில் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் பழக்கத்தில் கேட்கிறார்கள், விளக்கினால் ஒத்துக்கொள்கிறார்கள்.

இப்போது அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 32-ஆம் பிரிவு நேராகவே தடுக்கிறது. தெரியாமல் வாங்கிவிட்டால் அந்தப் பணத்தை அரசுக்குக் கட்ட வேண்டும், தண்டமும் வரும். ஆகவே அந்தப் புத்தகத்தைத் தொடாதீர்கள். 0 போடுவதும் வேண்டாம், பார்க்கிறவருக்கு நீங்கள் பதிவு செய்தவர் என்ற எண்ணம் வரும். அச்சகத்தில் சண்டை போட்டு மாற்றி வாங்குங்கள்.

பதிவு எடுத்துவிட்டால் வரி பில்லில் என்ன இருக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி விதிகளில் 46-ஆம் விதி சொல்கிறது. உங்கள் பெயர், முகவரி, 15 இலக்க ஜிஎஸ்டி எண் (நம் மாநிலத்துக்கு 33-இல் தொடங்கும், அடுத்த பத்து எழுத்து உங்கள் பான்). பிறகு பில் எண், தேதி. பில் எண் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் வரிசை அறுந்து போகக் கூடாது. நடுவில் ஒரு பில் கெட்டுப்போனால் கிழித்துப் போடாமல் ரத்து என்று எழுதிப் புத்தகத்திலேயே வைத்திருங்கள். பொருள், அளவு, விலை, தள்ளுபடி போக வரிக்குரிய தொகை, எந்த வரி எத்தனை சதவீதம், எவ்வளவு ரூபாய், கடைசியில் கையெழுத்து. தமிழ்நாட்டுக்குள் என்றால் மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று பிரித்துப் போடுங்கள். வெளி மாநிலம் என்றால் ஐஜிஎஸ்டி 5, கூடவே எந்த மாநிலத்துக்குப் போகிறது என்று பெயரோடு.

வாங்குகிறவர் பதிவு செய்த கடைக்காரர் என்றால் அவர் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் கட்டாயம், பொருள் குறியீடும் நான்கு இலக்கம் போட வேண்டும். கருவாட்டுக்கு 0305, இறால் கருவாட்டுக்கு 0306. இந்த இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுகிறார்கள், தயவுசெய்து பிரித்துப் போடுங்கள். வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்குச் சின்ன வியாபாரி குறியீடு போடாவிட்டாலும் பரவாயில்லை. வரி இல்லாத மூட்டைக்கு வரி பில் கிடையாது, அதற்கு "வழங்கல் பில்" என்று தனி. தலைப்பே வேறு, வரிக் கட்டமே இருக்காது.

காம்போசிஷன் (சின்ன வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதம் மட்டும் கட்டும் ஜிஎஸ்டி திட்டம்) எடுக்கலாமே, 1% தானே என்று யாராவது சொல்வார்கள். அதில் வெளி மாநிலத்துக்கு அனுப்பவே கூடாது. பில்லின் தலையில் "காம்போசிஷன் வரியாளர், வரி வசூலிக்கத் தகுதியற்றவர்" என்று அச்சடிக்க வேண்டும், கடைப் பலகையிலும் காம்போசிஷன் வரியாளர் என்று எழுத வேண்டும். உங்கள் பெங்களூர் வியாபாரத்துக்கு இது சரிப்படாது.

என்னைக் கேட்டால் அக்கா, மாதம் எத்தனை பாக்கெட் வெளி மாநிலத்துக்குப் போகிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். நாலைந்துதான் என்றால் வெப்சைட்டில் "பாக்கெட்டுகள் தமிழ்நாட்டுக்குள் மட்டும்" என்று போட்டுவிட்டுக் கொஞ்ச நாள் இருங்கள். நிறைய என்றால் பதிவு எடுத்துவிடுங்கள், பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் எடுத்த பிறகு விற்பனையே இல்லாத காலத்துக்கும் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். மீன்பிடித் தடைக் காலத்தில் வியாபாரம் இல்லை என்று மறந்துவிடுகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

ஒன்று விட்டுவிட்டேன். ஜிஎஸ்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உணவுப் பொருள் பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் போட வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். பாக்கெட்டில் இருக்கிறதே என்று பில்லில் விட்டுவிடாதீர்கள்.

மண்டபம்_கருவாடு

சார், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. 30 கிலோ மூட்டை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. இப்போதே அவருக்குப் போன் போடுகிறேன். முகவரி பற்றி யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

கீழக்கரை_காக்கா

தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது. அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மின் வணிக விதிகள் வந்தன. பெரிய கம்பெனிக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. சொந்த வெப்சைட்டில் தன் பொருளைத் தொழிலாக விற்கிற எல்லோருக்கும் பொருந்தும். அதன்படி வெப்சைட்டில் தெளிவாகத் தெரியும் இடத்தில் உங்கள் சட்டப்படியான பெயர், தலைமையிடத்தின் முகவரி, கிளை இருந்தால் அதுவும், மின்னஞ்சல், வாடிக்கையாளர் பேச வேண்டிய எண் எல்லாம் இருக்க வேண்டும். குறைதீர்ப்பு அலுவலர் என்று ஒருவர் பெயரும் பதவியும் போட வேண்டும். இரண்டு பேர் நடத்தும் கடையில் அது நீங்களேதான். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. புகாருக்கு ஒரு எண் கொடுத்தால்தான் அவர் பின்தொடர முடியும், ஒரு நோட்டில் வரிசை எண் போட்டாலே போதும்.

திருப்பி எடுப்பது, பணம் திருப்புவது, எத்தனை நாளில் அனுப்புவது, எப்படிப் பணம் கட்டலாம் என்பதையும் எழுத வேண்டும். கருவாடு பிரித்த பிறகு திருப்பி எடுக்க மாட்டோம் என்றால் அதை வாங்குவதற்கு முன்பே தெரியும்படி எழுதுங்கள். கெட்டுப்போனது வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் அதற்குக் கீழேயே எழுதுங்கள், அதுதான் வாங்குகிறவர் தேடுகிற வரி. விலையை மொத்தமாகக் காட்டி, கூரியர் எவ்வளவு, வரி எவ்வளவு என்று பிரித்தும் காட்ட வேண்டும். கடைசிப் பக்கத்தில் திடீரென்று 80 ரூபாய் கூட்டுவது தவறு. சம்மதக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைப்பதும் கூடாது, அக்கா மகனிடம் சொல்லுங்கள், ரெடிமேட் டிசைனில் பல சமயம் அப்படித்தான் வருகிறது.

பெயர் விஷயம். தனி நபர் வியாபாரத்தில் கடைப் பெயருக்குச் சட்டத்தில் தனி உயிர் கிடையாது. சட்டப்படியான பெயர் அம்மா பெயர்தான். வெப்சைட்டின் அடியில் கடைப் பெயர், உரிமையாளர் அம்மா பெயர் என்று ஒரே வரியில் போடுங்கள். பணம் கட்டும் இடத்திலும் "கட்டும்போது இந்தப் பெயர் வரும்" என்று எழுதி வையுங்கள். அந்த 1,800 ரூபாய்க்காரர் பயந்தது அவர் குற்றம் இல்லை, அவர் திரையில் பார்த்த பெயர் உங்கள் வெப்சைட்டில் எங்கேயும் இல்லை.

நாங்கள் பிரைவேட் லிமிடெட், எங்களுக்கு இன்னும் கூடுதல். கம்பெனிப் பெயர், பதிவு அலுவலக முகவரி, 21 இலக்க அடையாள எண், போன், மின்னஞ்சல் எல்லாம் லெட்டர்ஹெட்டிலும் பில்லிலும் இருக்க வேண்டும், வெப்சைட்டின் முதல் பக்கத்திலும் வேண்டும். ஆரம்பத்தில் பில்லில் அந்த எண் இல்லாமல் ஒரு வருடம் ஓட்டினோம். ஆடிட்டர் கணக்குப் பார்க்கும்போது நாளுக்கு ஆயிரம் ரூபாய், ஒரு லட்சம் வரை தண்டம் போகும் என்று சொன்ன பிறகுதான் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றினோம். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, தனி நபருக்கு அடையாள எண் கிடையாது.

இப்போது முகவரி. வீட்டில் கட்டிக்கொண்டு வேறு ஏதோ ஒரு முகவரியைப் போட்டால் அது பொய். உணவுப் பாதுகாப்புப் பதிவும் பாக்கெட் லேபிளும் கட்டுகிற இடத்தைத்தான் கேட்கின்றன. அதனால் முகவரியை மறைக்க வழி தேடுவதற்குப் பதிலாகக் கட்டுகிற இடத்தையே மாற்ற முடியுமா என்று பாருங்கள். மகளிர் குழுக் கட்டடம், பஜாரில் ஒரு சின்ன அறை, தெரிந்தவர் கடையின் பின்பக்கம், எதுவானாலும் சரி. இடத்துக்காரரிடம் சம்மதக் கடிதமும் அவருடைய கரண்ட் பில் அல்லது வீட்டு வரி ரசீதும் வாங்கினால் ஜிஎஸ்டி பதிவுக்கே அது போதும். உணவுப் பாதுகாப்புப் பதிவும் அந்த இடத்துக்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது வெப்சைட், பில், லேபிள் மூன்றிலும் அந்த முகவரி ஒன்றுதான். என் மச்சி தையல் தொழிலுக்கு இப்படித்தான் செய்தாள், இப்போது வீட்டு வாசலில் யாரும் வந்து நிற்பதில்லை.

போனுக்குத் தனி சிம் வாங்குங்கள். பேசும் நேரம் காலை 9 முதல் மாலை 6 என்று வெப்சைட்டிலேயே எழுதிவிட்டு, ஆறு மணிக்கு மேல் அந்தப் போனை அணைத்து வையுங்கள். 24 மணி நேரமும் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

முண்டு_மிளகாய்

ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் மிளகாய் பாக்கெட் போடுகிறேன். லேபிளில் நான் பட்டதைச் சொல்கிறேன், அதுவும் வெப்சைட்டோடு சேர்ந்ததுதான்.

பாக்கெட்டில் கட்டுபவர் பெயர் முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதம் வருடம், எதுவரை உபயோகிக்கலாம், எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை, புகார் சொல்ல போனும் மின்னஞ்சலும். தயாரித்த மாதத்தைத் தவிர இதில் உள்ள விவரங்களை வெப்சைட்டில் அந்தந்தப் பொருளுக்குக் கீழேயும் காட்ட வேண்டும், 2018-இலிருந்து இப்படி. போட்டோவில் லேபிள் தெரிகிறதே என்று விட்டுவிட்டேன், எழுத்து மங்கலாக இருந்ததால் வாங்கியவர் ஒருவர் எடையைத் தவறாகப் புரிந்துகொண்டு சண்டைக்கு வந்துவிட்டார். அதிலிருந்து எல்லாவற்றையும் எழுத்தாகவே போடுகிறேன். அதிகபட்ச விலைக்கு மேல் "ஜிஎஸ்டி தனி" என்று வாங்கவும் கூடாது, அந்த விலைக்குள்ளேயே வரி அடக்கம்.

கருவாட்டில் இன்னொன்று, அசைவக் குறி. பழைய மாதிரியில் பழுப்பு வட்டம், இப்போது பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். அச்சகத்தில் பழைய டிசைனை வைத்திருப்பார்கள், கவனம். மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்காக "மீன் உள்ளது" என்ற வரியும் வேண்டும்.

எடைக்கு வருகிறேன். அரைகுறையாகக் காய்ந்த சரக்கு வழியில் ஈரம் விட்டு எடை குறையும். 500 கிராம் என்று எழுதி அங்கே போய் 470 நின்றால் குற்றம் உங்கள் மேல்தான். நன்றாகக் காயவிட்டு அதற்குப் பிறகு நிறுத்துக் கட்டுங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் முத்திரை வேண்டும். பொட்டலம் கட்டி விற்பவராகப் பதிவும் செய்ய வேண்டும், கட்ட ஆரம்பித்த 90 நாளுக்குள், 500 ரூபாய்தான். நம் மாநிலத்தில் இதெல்லாம் தொழிலாளர் துறையில் வருகிறது, நான் முதலில் வேறு அலுவலகத்தில் போய் அரை நாள் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக ஒன்று. முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பார்த்து எல்லோரும் பாக்கெட்டில் அந்தச் சின்னத்தை அடிக்கிறார்கள். பதிவு செய்த பயனாளர்தான் அதைப் போடலாம். அதே மாதிரி, வணிகச் சின்னம் பதிவாகாமல் வட்டத்துக்குள் ஆர் எழுத்து போடுவதும் தவறு. அக்கா லோகோவில் அது இருந்தால் எடுத்துவிடுங்கள்.

தொண்டி_வலை

எனக்கும் இப்போதுதான் உறைக்கிறது. வெப்சைட் இல்லாமல் வாட்ஸ்அப்பில் மட்டும் விற்கிறவனுக்கும் இதெல்லாம் உண்டா?

பில்_கணக்கு

பில், லேபிள், உணவுப் பாதுகாப்பு எண் மூன்றும் எந்த வழியில் விற்றாலும் உண்டு தம்பி. நுகர்வோர் விதியும் டிஜிட்டல் வழியில் நடக்கிற விற்பனை என்றுதான் பேசுகிறது, வெப்சைட் என்று மட்டும் இல்லை. வாட்ஸ்அப் பிசினஸில் கடை விவரம் போடும் இடம் இருக்கிறது, பெயர், முகவரி, மின்னஞ்சல், உணவுப் பாதுகாப்பு எண் அதில் எழுதுங்கள். வாங்கியவருக்குக் குறை இருந்தால் 1915-க்குப் போன் போட்டுப் புகார் கொடுக்கலாம், அவர் உங்களிடம் வாட்ஸ்அப்பில்தான் வாங்கினார் என்பதால் அந்தப் புகார் செல்லாமல் போகாது.

மண்டபம்_கருவாடு

காக்கா, சார், மிளகாய் அண்ணன், எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பெங்களூர்க்காரர் 30 கிலோ மூட்டைக்கு வரி இல்லை என்றதும் அவருடைய கணக்கரிடம் கேட்டுவிட்டு ஒத்துக்கொண்டார். உணவுப் பாதுகாப்பு எண்ணை மட்டும் பில்லில் போட்டுத் தரச் சொன்னார். பாக்கெட்டுகளை இப்போதைக்குத் தமிழ்நாட்டோடு நிறுத்திவிட்டோம். எண்ணிப் பார்த்தால் வெளி மாநிலத்துக்கு மாதம் ஆறு பாக்கெட்தான் போயிருக்கிறது.

எங்கள் குழுவின் கட்டடத்தில் பின்னறை ஒன்று சும்மாதான் கிடந்தது. தலைவி அக்கா சம்மதக் கடிதம் தருகிறேன் என்று சொல்லிவிட்டார், மாதம் ஒரு சின்னத் தொகை. அறையைக் கழுவிவிட்டு அந்த இடத்துக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு கேட்டு விண்ணப்பிக்கிறோம், அது முடிந்த பிறகுதான் லேபிள் அடிப்போம். இந்தத் தடவை முக்கோணம் போட்டு.

அச்சகத்தில் புத்தகத்தைத் திருப்பி எடுக்கவில்லை, அடுத்ததில் பாதிக் காசு குறைக்கிறேன் என்றார்கள். பழையதை அம்மா பரணில் போட்டுவிட்டார். வெப்சைட்டின் அடியில் இப்போது கடைப் பெயருக்குக் கீழே உரிமையாளர் என்று அம்மா பெயர் இருக்கிறது. அக்கா மகன் போனில் காட்டினான். அம்மா எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி இரண்டு தடவை வாசித்துப் பார்த்தார். இன்ஷியல் விட்டுப்போச்சு, அதையும் போடு என்றார்.